மறு: இன்ட்ரோவெர்ட்: 'உள்முகச் சிந்தனையாளர்' சரிதானா?

வணக்கம்.

> ஆளுமை வினாத்தாள் ஒன்றைத் தமிழாக்குகிறேன். பதினாறு வகை வரும். கூட்டத்தைவிடத் தனிமையை நாடும் இன்ட்ரோவெர்ட்டுக்கு 'உள்முகச் சிந்தனையாளர்' என்றே போட்டுவிடலாமா? இணையத்தில் அதுதான் புழங்குகிறது.

போட வேண்டாம் தம்பி. சிந்தனையாளர் என்றதும் நமக்கு மேடையும் மாலையும்தான் நினைவுக்கு வரும். அதைக்கூட விட்டுவிடலாம். பதினாறு வகை என்றால் அது ஆட்களை ஆளுமைப்படி வகைபிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் முறைதான். அதில் நான்கு இணைகள் இருக்கின்றன. நீங்கள் கேட்பது முதல் இணை, 'இன்ட்ரோவெர்ட்டா, அதற்கு எதிரான எக்ஸ்ட்ரோவெர்ட்டா' என்பது. மூன்றாவது இணையே 'சிந்தனையா, உணர்வா' என்பதுதான். முதல் இணையிலேயே சிந்தனையைச் செலவழித்துவிட்டால், உணர்வு வகையைச் சேர்ந்த இன்ட்ரோவெர்ட்டை என்ன செய்வீர்கள்? 'உணர்வு சார்ந்த உள்முகச் சிந்தனையாளர்' என்று எழுத வேண்டிவரும். படிக்கிற மாணவி, 'இவர் சிந்திப்பவரா, உணர்பவரா?' என்று கேட்டால் பதில் இல்லை.

இந்தச் சொற்களைப் பரவலாக்கிய உளவியலாளர் கார்ல் யுங்கும் இரண்டையும் கலக்கவில்லை. 1921இல் வந்த நூலில் அவர் சொன்னது, மன ஆற்றல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை. சிந்தனை, உணர்ச்சி, புலனுணர்வு, உள்ளுணர்வு நான்கும் வேறு கணக்கு. இரண்டு திசை, நான்கு செயல்பாடு, மொத்தம் எட்டு வகை. இன்ட்ரோவெர்ட் என்ற சொல்லின் லத்தீன் வேரும் 'உள்ளே திரும்பு' என்பதுதான். யோசிப்பது அதில் எங்கும் இல்லை.

அதனால் நமக்கு வேண்டியது திசையைக் காட்டும் சொல். அது கையிலேயே இருக்கிறது: முகம். கிழக்குமுகமாக உட்கார் என்கிறோம். வெங்காய விலை ஏறுமுகம் என்கிறோம். முகம் என்றால் மூஞ்சி மட்டும் இல்லை, பார்த்திருக்கும் பக்கமும் அதுதான். சிந்தனையாளரை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பதே சரியான சொல்.

அடுத்து அகமா, உள்ளா? 'அகமுகம்–புறமுகம்' என்று பழைய அகராதிப் பாணியில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் முதலில் ஆசைதான். அகம், புறம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தே வரும் இணையை விட மனம் வருமா? ஆனால் புறத்துக்கு முதுகு என்ற பொருளும் உண்டு. புறங்காட்டினான் என்றால் தோற்று ஓடினான். புறங்கூறினான் என்றால் கோள் சொன்னான். கலகலப்பான மனிதருக்கு 'புறமுகம்' என்று பெயர் வைத்தால் நியாயமாகக் கோபப்படுவார். அகத்திலும் ஒரு சிக்கல். இலக்கணத்தில் அகம் என்பது தனிமை இல்லை, இருவர் கூடி வாழும் வாழ்வு. ஆகவே உள்முகம், வெளிமுகம். ஆளைக் குறிக்க உள்முகத்தவர், வெளிமுகத்தவர். 'உள்முகி' வேண்டாம், பெண்பெயர் போல ஒலிக்கிறது.

பேச்சில் வருமா என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 'நான் கொஞ்சம் உள்முகம் மேடம்' என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது போதும். ஏனென்றால் ஊரில் ஏற்கெனவே சொற்கள் உண்டு: அமுக்குணி, ஊமைக்கோட்டான், உம்மணாமூஞ்சி. எல்லாம் வசவு. சின்ன வயதில் மூன்றையும் வாங்கியிருக்கிறேன். இன்னும் ஒன்று, கூச்சத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் கூச்சம். உள்முகத்தவர் மேடையேறி ஒரு மணி நேரம் தடுமாறாமல் பேசுவார். இறங்கியதும் தனி அறை தேடுவார்.

> இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஆம்பிவெர்ட்டுக்கு 'இருமுகம்'?

ஐயா, அது நயவஞ்சகருக்குப் போய்விட்டது. 'இடைமுகம்' என்று போகலாம் என்றால் அதைக் கணினிக்காரர்கள் இன்டர்ஃபேஸுக்கு எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் சொல்லே தேவையில்லை. ஆளுமையை ஐந்து பண்புகளாக அளக்கும் முறையில் வெளிமுகம் ஓர் அளவுகோல், அவ்வளவுதான். உள்முகம் என்பது அதன் தாழ்ந்த முனை. பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். நடு உயரம் உள்ளவருக்குத் தனிப்பெயரா வைத்திருக்கிறோம்?

> நேரில் வாயே திறக்காதவர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அவர்கள் வெளிமுகமா?

இல்லை, உள்முகம்தான். திசை வாயில் இல்லை. உள்முகத்தவரின் மூளை இயல்பிலேயே கூடுதலாகத் தூண்டப்பட்டிருப்பதால் வெளிச் சந்தடியைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க் 1967இல் விளக்கினார். பின்வந்த ஆய்வுகள் அதை முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் எழுத்தில் சந்தடி குறைவு என்பது அனுபவத்தில் தெரிகிறது. எழுதி, அழித்து, மறுநாள் காலை அனுப்பலாம். எதிரில் முகம் இல்லை. விடைபெறாமல் போகலாம். அதே ஆளை வீடியோ அழைப்பில் உட்கார வையுங்கள், ஐந்தாவது நிமிடம் கேமரா அணைந்துவிடும். வாட்ஸாப்பில் நீல டிக்கை மறைத்து வைப்பவரும் இவரே.

புனைபெயரில் இவர்கள் சரளமாகப் பேசுவது எனக்குத் தொல்காப்பிய விதியை நினைவூட்டுகிறது. அகப்பாட்டில் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் மனசு திறக்கும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது போலும். (இலக்கணப் புலவர்கள் அடிக்க வராதீர்கள், இது சும்மா ஒரு ஒப்பீடு.)

மறு: மறு: இன்ட்ரோவெர்ட்

அக்கா, உள்முகம் சரி. ஆனால் இணையத்தில் மட்டும் பழகுகிறவருக்கு ஒரு சொல் இருந்தால் நல்லது. 'திண்ணைமுகம்'? திண்ணை வீட்டுக்கு உள்ளும் இல்லை, தெருவும் இல்லை. உட்கார்ந்து ஊரோடு பேசலாம், அலுத்தால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

மறு: மறு: மறு: இன்ட்ரோவெர்ட்

பிரமாதம். ஆனால் பாடப்புத்தகத்துக்கு ஆகாது. திண்ணை என்றாலே வெட்டிப்பேச்சு என்று நினைப்பவர்கள் பாதிப்பேர், திண்ணையையே பார்த்திராத பிள்ளைகள் மீதிப்பேர். குழுவுக்குள் வைத்துக்கொள்வோம்.

தம்பி, வினாத்தாளில் உள்முகம், வெளிமுகம் என்று மாற்றிவிட்டு, விருந்தில் புதியவர்களோடு நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா என்று கேட்கும் கேள்வி இருந்தால் அதையும் மறுபடி பாருங்கள். நம் கல்யாண வீட்டில் நாமாகப் போய்ப் பேச எங்கே வாய்ப்பு? பந்தியில் உட்காருவதற்குள் 'நீ யார் வீட்டுப் பொண்ணு?' என்று நான்கு பேர் கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் சொன்னதற்காக என்னை வெளிமுகத்தில் சேர்த்துவிடாதீர்கள்.