செல் இறப்பு இரண்டு வகை: அப்போப்டோசிஸ், நெக்ரோசிஸ் இரண்டுக்கும் தமிழ்ச்சொல் எது?

அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர் மாணவர்களுக்கான நோய்க்கூறியல் பாடத்தில் இந்த இடத்தில் நிற்கிறேன். இரண்டையும் 'செல் இறப்பு' என்றே எழுதினால் பாடத்தின் உயிரே போய்விடும். அதனால் முதலில் நடப்பதைச் சொல்கிறேன்.

நெக்ரோசிஸில் இரத்த ஓட்டம் நின்ற செல்லுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி தீர்கிறது. ஏடிபி இல்லாவிட்டால், சோடியத்தை வெளியேற்றும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஓடாது. சோடியம் உள்ளே தேங்கும், பின்னாலேயே நீர் புகும், செல் வீங்கும். லாக்டிக் அமிலமும் சேரும். இந்த அளவில் இரத்த ஓட்டம் திரும்பினால் செல் பிழைத்துக்கொள்ளும். கால்சியம் அளவுமீறிப் புகுந்து, நொதிகளைத் தூண்டிவிட்டு, சவ்வு கிழிந்துவிட்டால் மீட்பில்லை. ஓட்டம் அடியோடு நின்றால் இதயத் தசைக்கு ஏறத்தாழ 20 முதல் 40 நிமிட அவகாசம். மூளை நரம்புச் செல்லுக்கு 3 முதல் 5 நிமிடம்தான். கிழிந்த செல்லின் சரக்கெல்லாம் வெளியே கொட்டுவதால் சுற்றிலும் அழற்சி கிளம்புகிறது.

அப்போப்டோசிஸ் நேர்மாறு. செல் வீங்காது, சுருங்கும். காஸ்பேஸ் நொதிகள் உட்கருவையும் உட்சட்டகத்தையும் அளவாக வெட்டும். செல் சவ்வு மூடிய சிறு பொட்டலங்களாகப் பிரியும். விழுங்கு செல்கள் அவற்றைத் தின்றுவிடும். எதுவும் கசியாததால் அழற்சியும் இராது. கருவில் விரலிடைச் சவ்வு மறைவது இப்படித்தான்.

என் முன்மொழிவு: அப்போப்டோசிஸ் = உதிர்வு, நெக்ரோசிஸ் = நசிவு. கெர், வில்லி, கரி மூவரும் 1972-இல் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டபோது, மரத்திலிருந்து இலையும் பூவிதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார்கள். நமக்கும் அந்தப் படிமம் இருக்கிறதே!

———

> அப்போப்டோசிஸ் = உதிர்வு

படிமம் அழகு. ஆனால் வகுப்பில் இடறும். தோலின் மேல்செல்கள் உதிர்கின்றன, மாதவிடாயில் கருப்பை உள்வரி உதிர்கிறது, முடி உதிர்கிறது. இவை எல்லாம் உடலைவிட்டுக் கழன்று விழுபவை. அப்போப்டோசிஸில் செல் எங்கும் விழுவதில்லை, இருந்த இடத்திலேயே விழுங்கப்படுகிறது. 'கல்லீரல் செல் உதிர்வு' என்று படிக்கும் மாணவி எங்கே உதிர்ந்தது என்று தேடுவாள்.

'செல் தற்கொலை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். நோயெதிர்ப்புச் செல்லான டி-செல் வெளியிலிருந்து ஆணையிட்டும் செல் இப்படிச் சாகும். அதைத் தற்கொலை என்பது பிழை. தற்கொலை எண்ணம் உள்ள நோயாளியிடம் பேசக் கற்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை இங்கே உவமையாகப் புழங்கவும் கூடாது.

'திட்டமிட்ட செல் இறப்பு' என்பது பெருவகைக்கான பெயர். நெக்ரோப்டோசிஸ் என்ற இன்னொரு வகைச் செல் இறப்பும் மரபணு வழி நடப்பதுதான், ஆனால் அதில் சவ்வு உடைகிறது. பெருவகையின் பெயரை ஒரு சிறுவகைக்குக் கொடுத்தால் நாளைக்கு மற்றதற்குப் பெயர் வைக்க இடமிராது.

———

உதிர்வு சரிப்படாது என்றால் 'வீவு' எப்படி? வீ என்றால் உதிரும் பூ. வீதல் என்றால் சாதல். ஒரே வேரில் பூவும் சாவும் கிடைக்கின்றன.

———

வேர் அருமை ஐயா, ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காணொளிக்கு எத்தனை 'வியூ' என்று கேட்கிற தலைமுறை இது.

நான் 'தன்மடிவு' என்பேன். ஏற்கெனவே சிலர் எழுதிவரும் சொல்தான். மடிதல் என்றால் சாதல்; துணி மடிவதுபோல் உட்புறமாக ஒடுங்குவதும் மடிதல். செல் சுருங்கிப் பொட்டலமாவதை இரண்டாம் பொருள் காட்டிவிடுகிறது. அதற்கு இணையாக நெக்ரோசிஸை 'உடைமடிவு' எனலாமா என்று யோசித்தேன். சலவைக்கடைப் பலகைபோல் இருக்கிறது, விட்டுவிட்டேன்.

நசிவில் எனக்கு ஓர் ஐயம். தொழில் நசிந்தது என்கிறோம். அது மெல்ல மெல்லத் தேய்வது. மாணவர்கள் அட்ரோபியோடு (செல் சாகாமல் சிறுத்துப்போவது) குழப்பிக்கொள்ள மாட்டார்களா? 'சிதைமடிவு' என்றால்?

———

சொல்லைப் படுக்கையருகே கொண்டுபோய்ப் பார்ப்போம். காயப் பதிவேட்டில் எழுத வேண்டிய வரி இது: 'குதிகாலில் 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலப் படுக்கைப்புண், புண்பரப்பில் பாதியளவு நசிந்த திசு, கரும்பொருக்கு உலர்ந்து, கெட்டியாக ஒட்டியிருக்கிறது.' அந்த இடத்தில் 'சிதைமடிந்த திசு' என்று போட்டுப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். பெயராகவும் வினையாகவும் அடையாகவும் ஓடாத சொல் பணியிடத்தில் நிலைக்காது. (அந்தக் கரும்பொருக்கில் சீழோ சிவப்போ இல்லையென்றால் அதை ஊறவைக்கவோ உரிக்கவோ கூடாது என்பதையும் பாடத்தில் அங்கேயே சேர்க்க வேண்டும். நசிந்தது என்றதும் அகற்றிவிட வேண்டும் என்று எண்ணிவிடுவார்கள்.)

அட்ரோபிக்கு 'மெலிவு' என்று உறுதியாக வைத்துவிட்டால் குழப்பம் தீரும். அசையாத காலின் தசை மெலிகிறது: செல் சிறுத்தாலும் உயிரோடிருக்கிறது. நசிந்த செல் செத்தது.

தன்மடிவையும் நசிவையும் பிரித்துக்காட்டும் கேள்வி ஒன்றே: சவ்வு கிழிந்ததா, இல்லையா? மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. ஊசியில் வேகமாக இழுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். செல்லுக்குள் லிட்டருக்குச் சுமார் 140 மில்லி ஈக்குவலண்ட் பொட்டாசியம், பிளாஸ்மாவில் 3.5 முதல் 5 வரை. கிழிந்தால் கொட்டத்தான் செய்யும். நசுங்கிய தொடைத் தசை நசியும்போது அது உடலுக்குள்ளேயே நடக்கிறது. அப்போது பொட்டாசியம் உயர்வு பொய்யல்ல. இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. மாரடைப்பில் இதயத் தசைப் புரதமான ட்ரோபோனின் இரத்தத்தில் உயர்வதும் இந்தக் கசிவால்தான்.

———

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. இரண்டும் தனித்தனி அறையில் நடப்பவை என்ற எண்ணம் வரக்கூடாது. மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டால் நடுப்பகுதி நசிகிறது. விளிம்பில், ஓட்டம் குறைந்தும் நிற்காத இடத்தில், பல செல்கள் சில மணி முதல் சில நாள் கழித்துத் தன்மடிகின்றன. தன்மடிவுக்கு ஏடிபி வேண்டும். நடுவில் அது தீர்ந்துபோயிருக்கும். தன்மடிந்த பொட்டலங்களை விழுங்க ஆளில்லாவிட்டால் அவையும் பிறகு கிழியும். அதைப் 'பின்னசிவு' எனலாம்.

நசிவின் உட்பிரிவுகளும் எளிதாக அமைகின்றன. இதயம், சிறுநீரகத்தில் செல்லின் உருவரை சில நாள் அப்படியே நிற்பது உறைநசிவு. மூளையில் திசு குழைந்து நீர்த்துப்போவது கூழ்நசிவு. கணையத்தைச் சுற்றிக் கொழுப்பு சோப்பாவது கொழுப்புநசிவு. காசநோயில் காணும் கேசியஸ் வகையைப் 'பாலாடைக்கட்டி நசிவு' என்று மொழிபெயர்க்க வேண்டாம். பால் திரிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், 'திரிநசிவு' போதும்.

———

திரிநசிவில் 'திரி' விளக்குத்திரியாகப் படிக்கப்படலாம். 'திரிந்தபால் நசிவு' என்று முதல்முறை மட்டும் விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். இலங்கை வாசகர்களுக்காகச் செல், திசு வரும் முதல் இடத்தில் கலம், இழையம் என்பதையும் பக்கத்தில் சேருங்கள். தன்மடிவு, நசிவு, மெலிவு மூன்றையும் இந்த வரைவில் இட்டுவிடுகிறேன். நெக்ரோப்டோசிஸ் இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும்.