புது கேமிங் பிசி: காத்தாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை

குடமுருட்டிக்கரை (வெள்ளி, இரவு 11.40)

எல்லோருக்கும் வணக்கம். முதன்முறையாக வீட்டிலேயே கேமிங் பிசி பூட்டினேன். பவர் பட்டனை அமுக்கினால் காத்தாடி எல்லாம் சுற்றுகிறது, கிராபிக்ஸ் கார்டில் விளக்கு எரிகிறது. மானிட்டர் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. முந்தாநாள் ராத்திரியிலிருந்து இதே கதைதான்.

ஊர் வலங்கைமான் பக்கம். சாமான்களை ஒரே தடவையில் வாங்கவில்லை, கையில் காசு வரவரச் சேர்த்தது. ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, டிடிஆர்5 ரேம் 16 ஜிபி இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ டிஸ்க், 650 வாட் பவர் சப்ளை. ரேமை மட்டும் விலை ஏறுவதற்கு முன்னாலேயே வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். போர்டும் கார்டும் வாங்க மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்து ரிச்சி தெருவுக்கே போனேன். திரும்பும்போது ராத்திரி முழுக்கப் பெட்டி மடியில்.

பழைய தலைமுறை ஏஎம்4 சாக்கெட் போர்டும் ரைசன் 5 5600 பிராசசரும் எடுத்தால் காசு மிச்சம் என்று கடையில் சொன்னார்கள்தான். நாலைந்து வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று புது சாக்கெட்டான ஏஎம்5க்குப் போனேன். இப்போது அப்பா, “இந்தக் காசுக்குப் பழைய பவர் டில்லர் ஒன்று வந்திருக்கும்” என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை சொல்கிறார்.

எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று, டிவியில் சொருகிப் பார்த்தாயிற்று. இருபது தடவையாவது ஆன் செய்து, ஒரு நிமிஷம் பார்த்து, ஆஃப் செய்திருப்பேன். போர்டு செத்துவிட்டதா?

612 காபி (இரவு 11.58)

கேபிளை எங்கே சொருகியிருக்கிறீர்கள்? மதர்போர்டில் இருக்கிற ஓட்டையிலா, கார்டில் இருக்கிற ஓட்டையிலா? கார்டு போட்டிருந்தால் கார்டில்தான் சொருக வேண்டும். சிரிக்காதீர்கள், நானே இந்தத் தப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்.

குடமுருட்டிக்கரை (நள்ளிரவு 12.03)

கார்டில்தான் அண்ணா. அதை முதலிலேயே பார்த்துவிட்டேன்.

கொள்ளிடம் வெள்ளம் (12.20)

போர்டு போயிருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கு.

தஞ்சாவூர் சர்வீஸ் (சனி, காலை 7.15)

தம்பி, அதற்குள் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பதினோரு வருடமாக இதே வேலை செய்கிறேன். ‘போர்டு போச்சு’ என்று என் மேஜைக்கு வருகிறதில் பாதிக்கு மேல் போர்டு நல்லாத்தான் இருக்கும். மூன்று கேள்வி:

போர்டின் ஓரத்தில் பொடிப் பொடியாக நான்கு விளக்கு இருக்கும், பக்கத்தில் சிபியு, டிராம் (அதாவது ரேம்), விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். எது அணையாமல் நிற்கிறது?

ரேம் எந்தெந்த ஸ்லாட்டில் இருக்கிறது? பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணிச் சொல்லுங்கள்.

ஒரு நிமிஷம் பார்த்து ஆஃப் செய்தேன் என்கிறீர்களே, ஒரு தடவையாவது பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தீர்களா?

குடமுருட்டிக்கரை (காலை 8.30)

அக்கா, தங்கச்சி செல்போன் டார்ச் பிடித்தாள், பார்த்தோம். டிராம் பக்கத்தில் மஞ்சள் விளக்கு நிற்கிறது. ரேம் முதலாவதிலும் இரண்டாவதிலும் இருக்கிறது. பிராசசருக்குக் கிட்டே இருந்தால் வேகமாக இருக்கும் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் எல்லாம் விடவில்லை, ஏதாவது கருகிவிடுமோ என்று பயம்.

தஞ்சாவூர் சர்வீஸ் (காலை 8.52)

பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். இதில் இரண்டு சங்கதி இருக்கிறது.

ஒன்று, ஸ்லாட். ரேம் இரண்டு என்றால் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2ஆவதும் 4ஆவதும். போர்டில் ஏ2, பி2 என்று போட்டிருக்கும். உங்களைப் போல 1, 2 என்று போட்டால் இரண்டுமே ஒரே சேனலில், அதாவது பிராசசருக்குப் போகிற ஒரே பாதையில், போய் உட்கார்ந்துகொள்ளும். சில போர்டில் பாதி வேகத்தில் ஓடும், சில போர்டில் ஏறவே ஏறாது.

இரண்டாவது, பொறுமை. ஏஎம்5 போர்டு டிடிஆர்5 ரேமை முதன்முதலாகப் பார்க்கும்போது, எந்த நேரக்கணக்கில் ஓட்டினால் பிழை வராது என்று தானே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். மெமரி டிரெயினிங் என்பார்கள். அது முடிகிறவரை திரை கறுப்பு, டிராம் விளக்கு மஞ்சள். சில நிமிஷம் பிடிக்கும், 32 ஜிபிக்கு இன்னும் கூடப் பிடிக்கலாம். நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து. இருபது தடவை ஆஃப் செய்தேன் என்கிறீர்கள், அதாவது பாடம் பாதியில் இருக்கும்போது இருபது தடவை மணி அடித்திருக்கிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள், உள்ளே மிச்சம் இருக்கிற கரெண்ட் இறங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி ஓரமாக வையுங்கள். 7600இல் திரைக்கான சிப் உள்ளேயே இருக்கிறது, அதனால் போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ போதும். 5600 வாங்கியிருந்தால் இந்த வசதி கிடையாது. ஒரே ஒரு ரேமை ஏ2வில் போடுங்கள். போர்டில் இருக்கிற வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் போடுங்கள், பழைய செட்டிங் அழிந்துவிடும். ஆன் செய்துவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

ரேமைப் போடும்போது ஒரு விஷயம். நிறைய போர்டில் ஒரு பக்கம்தான் கொக்கி இருக்கும். கொக்கி இல்லாத முனை பாதி இறங்கி நிற்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

612 காபி (காலை 9.10)

அக்கா சொல்வதைக் கேளுங்கள். சும்மா ஒரு உபரித் தகவல்: 2014 ஜனவரியில் ஏஎம்டி (ரைசன் செய்கிற கம்பெனி) விட்ட சிப்புக்கு ‘காவேரி’ என்றுதான் பெயர். ஏ10-7850கே. அடுத்த வருடம் வந்ததற்கு ‘கோதாவரி’. என்னிடம் அந்தக் காவேரி இன்னும் இருக்கிறது. டெல்டாக்காரனாகப் பிறந்துவிட்டு அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. 95 வாட், கோடையில் பக்கத்தில் உட்கார முடியாது.

குடமுருட்டிக்கரை (பகல் 12.25)

வந்துவிட்டது! அக்கா, வந்துவிட்டது!

ரேமைக் கழற்றப் போனபோது குனிந்து பார்த்தேன். ஒரு முனையில் அந்தத் தங்கக்கோடு ஒரு நூல் அளவு வெளியே தெரிந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறேன், உட்கார்ந்தது கொக்கிப் பக்கம் மட்டும்தான். ஏ2வில் ஒன்றைப் போட்டு இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தினேன். போர்டு வளைகிற மாதிரி இருந்தது, அடிவயிறு கலங்கிவிட்டது. ஆன் செய்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். நாலு நிமிஷம் இருக்கும், தங்கச்சி உள்ளே இருந்து கத்தினாள். பயாஸ் திரை, அதாவது போர்டின் சொந்த செட்டிங்ஸ் திரை. அப்புறம் இரண்டாவது ரேமை பி2வில் போட்டு, மறுபடி காத்திருந்து, கடைசியாகக் கார்டு. எல்லாம் சரி.

ஆனால் இப்போது வேறு ஒரு தலைவலி. வெறுங்காலோடு நின்று கேபினட்டைத் தொட்டால் சுர்ர் என்கிறது. டெஸ்டர் வைத்தால் மினுக்குகிறது. பவர் சப்ளையில் கோளாறா?

தஞ்சாவூர் சர்வீஸ் (பகல் 12.40)

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஷாக் விஷயம் என் இலாகா இல்லை, ஆனால் எதில் சொருகியிருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

குடமுருட்டிக்கரை (பகல் 12.44)

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சுவரில் இருப்பது இரண்டு பின் ஓட்டை, அதனால் மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் போட்டிருக்கிறேன்.

நீடாமங்கலம் வயர்மேன் (பிற்பகல் 3.30)

தம்பி, அந்த அடாப்டரை முதலில் தூக்கிக் குப்பையில் போடு. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, உன் வீட்டில் எர்த் இல்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள்ளே இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று குட்டிக் கெபாசிட்டர் இரண்டை கேபினட் தகரத்தோடு இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் கசிகிற துளிக் கரெண்ட் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் தகரத்தில் பாதி வோல்டேஜ், 115 பக்கம், சும்மா தொங்கிக்கொண்டு நிற்கும். தொட்டால் சுர்ர். அதன் வழியாக வருகிற கரெண்ட் ரொம்பக் குறைச்சல். ஆனால் நாளைக்கு நிஜமாகவே ஒரு ஃபேஸ் தகரத்தைத் தொட்டால் உன்னைக் காப்பாற்ற எர்த் இருக்காதே, அதுதான் ஆபத்து.

உள்ளூர் வயர்மேனைக் கூப்பிட்டுப் பைப் இறக்கச் சொல், கரியும் உப்பும் போட்டு. மெயினில் ஆர்சிசிபி (கரெண்ட் கசிந்தால் தானே ஆஃப் ஆகிற சுவிட்ச்) ஒன்றும் சேர்த்துப் போடச் சொல். நம்ம வண்டல் மண்ணுக்கு எர்த் நன்றாகப் பிடிக்கும், ஈரம் இருக்கிறவரை. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணி ஊற்ற வேண்டும், அதைத்தான் யாரும் செய்ய மாட்டார்கள். எர்த் போட்டுவிட்டு நியூட்ரலோடு அதை முடிச்சுப் போட்டுக் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்.

குடமுருட்டிக்கரை (செவ்வாய், இரவு 9.05)

எர்த் போட்டாயிற்று. கொல்லைப்பக்கம் வாழைக்கு அடியில், எப்படியும் தண்ணீர் போகிற இடம். சுர்ர் நின்றுவிட்டது. வயர்மேன் அண்ணனுக்குக் கோடி நன்றி.

பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடுகிற செட்டிங்) ஆன் செய்தேன், 4800இல் ஓடிய ரேம் 6000க்குப் போனது. போவதற்கு முன் மறுபடி கறுப்புத் திரை காட்டிப் பயமுறுத்தியது. இந்தத் தடவை நான் அசையவில்லை, காபி போடப் போய்விட்டேன்.

கடைசியாக ஒன்று. கரெண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது ஃபேன், லைட் எதுவும் அணையவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. அதுவும் கேம் ஓடும்போது மட்டும். சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆவதில்லை.

நீடாமங்கலம் வயர்மேன் (இரவு 9.40)

இன்வெர்ட்டர் பின்பக்கம் யுபிஎஸ், எக்கோ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். எக்கோவில் இருந்தால் பேட்டரிக்கு மாறுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். லைட்டுக்கு அது தெரியாது. கம்ப்யூட்டர் சப்ளை முழு லோடில் தாக்குப்பிடிப்பது 16, 17 மில்லி செகண்ட்தான். சும்மா இருக்கும்போது லோடு கம்மி, அதனால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளு.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யுபிஎஸ் பக்கம் போட்டால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் பேட்டரிக்குப் போய்விடும். ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கிறார்களோ இல்லையோ, குறுவை நாற்றங்காலுக்குப் போர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், வோல்டேஜ் படுத்துவிடும். அந்த நாட்களில் பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும். அப்போது எக்கோவுக்கு மாற்றிவிட்டு விளையாட்டைக் குறைத்துக்கொள்.

சைன் வேவ் இன்வெர்ட்டர்தானே? பழைய ஸ்கொயர் வேவ் என்றால் இந்த வகை சப்ளையோடு ஒத்துப்போகாது.

612 காபி (இரவு 9.52)

கேபினட் பின்னால் இருக்கிற காலி ஓட்டைகளை மூடிவிடுங்கள். எங்கள் வீட்டில் பவர் சப்ளைக்குள் பல்லி போய்ப் படுத்து, அதுவும் போயிற்று, சப்ளையும் போயிற்று. அறுவடைக் காலத்தில் முன்பக்க வலையை வாரம் ஒரு தடவை துடையுங்கள். நெல் தூசி நாலே நாளில் போர்வை மாதிரி படிந்துவிடும்.

குடமுருட்டிக்கரை (புதன், காலை 7.50)

சைன் வேவ்தான் அண்ணா, சுவிட்ச் எக்கோவில் இருந்தது. மாற்றிவிட்டு, கேம் ஓடும்போதே மெயினை மூன்று தடவை ஆஃப் செய்து பார்த்தேன். மூன்று தடவையும் ரீஸ்டார்ட் ஆகவில்லை. பல்லி ஓட்டையைத் தங்கச்சி அட்டை வெட்டி அடைத்துவிட்டாள்.

காலையில் கொல்லைக்குப் போனால், அப்பா குடத்தோடு எர்த் குழி பக்கத்தில் நிற்கிறார். “மாட்டுக்குக் காட்டியாச்சு, உன் பெட்டிக்கும் தண்ணி காட்டியாச்சு, போ” என்றார்.