இரண்டு ஓக் கன்று நட்டேன், ஒன்றுதான் ஒல்லி

குன்னூர் தோட்டத்தம்மா:
எங்கள் வீடு நாலரை சென்ட். வாசலுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே பதினைந்தடிதான் இடம். அங்கே நெட்டையாக ஒரு மரம் வேண்டுமென்று ஆசை. சைப்ரஸ் வைக்கச் சொன்னார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே கல்லறைத் தோட்ட ஞாபகம். மகள்தான் தூண் மாதிரி எழும் இங்கிலீஷ் ஓக் படத்தைக் காட்டினாள். 2019-இல் ஒரு நர்சரியில் இரண்டு கன்று வாங்கினேன். "ஒல்லி ரகம்தான்" என்று அடித்துச் சொன்னார்கள். இப்போது ஒன்று விளக்குமாற்றைத் தலைகீழாக நிறுத்தியது போல மேலே போகிறது. இன்னொன்று பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் கையை நீட்டுகிறது. என் கவாத்தில் தப்பா?

ஊட்டி மண்வெட்டி:
உங்கள் கவாத்தில் தப்பில்லை அக்கா. கொடுத்தது விதைக்கன்றாக இருக்கும். அடித்தண்டில் ஒட்டுக் கட்டிய வடு இருக்கிறதா பாருங்கள். இந்த ரகத்தின் மூலம் ஜெர்மனியில் ஹாரெஸ்ஹவுசன் என்ற ஊர்ப்பக்கம் காட்டில் தானாக அப்படி வளர்ந்த ஒரு மரம். 18-ஆம் நூற்றாண்டிலேயே அதிலிருந்து ஒட்டு எடுத்துப் பரப்பினார்கள். ஒட்டில் வந்தால் அதே உருவம். விதையில் வந்தால் சில ஒல்லியாகும், சில அப்பன் எந்த மரமோ அதைப்போல விரியும். ஓக்கின் மகரந்தம் காற்றில் போவதாயிற்றே, யாரைக் குற்றம் சொல்வது!

இன்னொன்று, ஒல்லி என்பதும் ஒரு கணக்குதான். ஐம்பதடி வளர்ந்தால் பதினைந்தடி அகலமாவது வரும். சுவரை ஒட்டி நட்டிருந்தால் கஷ்டம். கிளைகள் நெருக்கமாக இருப்பதால் மழைக்காலத்தில் இலையில் வெள்ளையாகச் சாம்பல் நோய் படியும். மரம் சாகாது. சுற்றிப் புதர் மண்டாமல் காற்றோட்டமாக வைத்திருங்கள்.

கோத்தகிரி ஆள்:
உங்களுக்காவது ஓக் கிடைத்தது. நான் ஓக் கேட்டு, சில்வர் ஓக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள். தேயிலைக்கு நிழலுக்கு வைப்பார்களே, அதே ஆஸ்திரேலிய மரம். ஓக்குக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இலை பெரணி மாதிரி கிழிந்திருந்தபோதே சுதாரித்திருக்க வேண்டும். இப்போது கூரை ஷீட்டுக்கு மேல் நிற்கிறது. காற்றடித்தால் தூக்கம் போச்சு. வெட்டலாம் என்றால் 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலமானாலும் அனுமதி வாங்கியாக வேண்டும். மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மலையில் மரம் வைப்பது பெண் பார்ப்பது மாதிரி, அவசரப்படக் கூடாது.

கொடை மலைச்சாரல்:
கோத்தகிரி அண்ணா, அந்த உவமை வீட்டில் தெரிந்தால் மனுவை விடப் பெரிய சிக்கல் :)
என் ஒட்டுச்செடிக்கு முதல் எதிரி காட்டுமாடு. ஒரு ராத்திரி வந்து உடம்பைத் தேய்த்துக்கொண்டு போனது, குச்சி இரண்டாக ஒடிந்தது. இரண்டாவது கன்றுக்கு இரும்புக் கம்பி வலை, ஆள் உயரத்துக்கு. அதையும் நடும்போது பார்த்தால் பைக்குள் வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருந்தது. பிரித்து நீட்டிவிட்டுத்தான் நட்டேன். அப்படியே வைத்தால் பின்னாளில் அந்த வேரே தண்டை நெரிக்கும்.

இரண்டாவது எதிரி என் மாமியார். பனிக்காலத்தில் இலையெல்லாம் காய்ந்து பழுப்பாகி, உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. "பட்டுப்போச்சு, அடுப்புக்காவது ஆகட்டும்" என்று அரிவாளோடு நின்றார். இளம் ஓக்குக்கு அந்தக் குணம் உண்டு. நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினேன், உள்ளே பச்சை. புதுத் துளிர் வரும்வரை அவர் நம்பவில்லை.

கோத்தகிரி ஆள்:
தங்கச்சி பையன் லண்டனில் இருக்கிறான். வரும்போது பாக்கெட்டில் நாலு ஓக் கொட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லட்டுமா?

ஊட்டி மண்வெட்டி:
வேண்டாம் சார். வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், 2003-ஆம் வருஷத்து உத்தரவே இருக்கிறது. கொட்டைக்குள் வண்டுப் புழுவும் கூடவே டிக்கெட் இல்லாமல் வரும். அப்புறம், ஓக் கொட்டை காய்ந்தால் முளைக்காது. ஈரம் போகுமுன் மண்ணில் போட வேண்டும்.

குன்னூர் தோட்டத்தம்மா:
பார்த்துவிட்டேன், இரண்டிலும் வடு இல்லை. அப்படியானால் அந்த ஒன்று ஒல்லியாகப் போனது என் அதிர்ஷ்டம். மற்றதைப் பெயர்த்து நட மனசில்லை, ஆணிவேர் இந்நேரம் எங்கே போயிருக்குமோ. ஜன்னல் பக்கக் கிளையை மட்டும் எடுத்துவிட்டேன். படம் போடலாம் என்று வெளியே போனால் மஞ்சு இறங்கி மரமே தெரியவில்லை. நாளைக்குப் போடுகிறேன்.