‘எங்கள் வீடு’ குழு: கழித்தல் குறியோடு வந்த எதிர்விசை

கயல், இரவு 8:10
பெரியப்பா, ஒரு கணக்கில் தாங்கியின் எதிர்விசை, அதாவது தாங்கி உத்திரத்தின் மேல் திருப்பித் தரும் விசை, கழித்தல் குறியோடு வருகிறது. 6 மீட்டர் உத்திரம். இடது முனை ‘அ’வில் கீல் தாங்கி (திரும்ப விடும், நகர விடாது), அங்கிருந்து 4 மீட்டரில் ‘ஆ’ உருளைத் தாங்கி (பக்கவாட்டில் நகர விடும்), மீதி 2 மீட்டர் வெளியே நீண்டிருக்கிறது. முழு நீளத்திலும் மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் பரவிய சுமையும், வெளிமுனையில் 20 கிலோநியூட்டன் புள்ளிச் சுமையும் உள்ளன.

பெரியப்பா, இரவு 8:24
முதலில் தாங்கிகளை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் விசைகளை மட்டும் வரைந்துகொள். பரவிய சுமையின் மொத்தம் 30. அது உத்திரம் முழுவதற்கும் நடுவில், அதாவது ‘அ’விலிருந்து 3 மீட்டரில் செயல்படும். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே, 2 மீட்டரில், அதை வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. ‘அ’வைச் சுற்றித் திருப்புத்திறன், அதாவது விசை × தூரம், எடுத்தால் 30×3 + 20×6 = 210; அதை 4 ஆல் வகுக்க ‘ஆ’வில் 52.5 வருகிறது. மொத்தச் சுமையோ 50தான். ஆகவே ‘அ’வில் −2.5. உன் விடை சரி, கயல்.

அம்மா, இரவு 8:31
இவள் சொன்னபடி இரண்டு தீப்பெட்டிகளின் மேல் அளவுகோலை வைத்து, வெளியே நீண்ட முனையை விரலால் அழுத்தினேன். மறுமுனை உடனே மேலே எழும்பிவிட்டது.

பெரியப்பா, இரவு 8:36
எழும்பிய அந்த முனைதான் ‘அ’. நீ விசை மேல்நோக்கி இருக்கும் என்று கொண்டாய். உத்திரமோ தன்னைக் கீழே பிடித்து வைக்கச் சொல்கிறது. கீல் தாங்கி பிடித்துக்கொள்ளும். வெறுமனே சுவரின் மேல் கிடக்கும் உத்திரமாக இருந்தால், அந்த முனையின் மேல் குறைந்தது 255 கிலோ பாரமாவது வேண்டும். சன்னல் மேல் வெயில்மறைப்பு வார்க்கும்போது, பின்பக்கச் சுவர் எழும்பும் முன் முட்டுகளைப் பிரிக்கக் கூடாது என்று நான் கொத்தனார்களிடம் மன்றாடுவதும் இதனால்தான். 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்திலும், ஆற்றின் மேல் நீண்டிருக்கும் கைகள் கரைப்பக்க முனைகளைத் தூக்கிவிடாதபடி, அவை நங்கூரமிட்டுப் பிணைக்கப்பட்டிருக்கின்றன.

கயல், இரவு 8:52
‘ஆ’வைச் சுற்றியும் எடுத்துப் பார்த்தேன்: 30×1 − 20×2 = −10, அதை 4 ஆல் வகுக்க அதே −2.5. சுமைகள் எல்லாம் செங்குத்தானவை என்பதால் கிடைத்திசை எதிர்விசை சுழி. ‘அ’வின் அம்புக்குறியைக் கீழ்நோக்கித் திருப்பி, 2.5 என்று எழுதிவிட்டேன், பெரியப்பா.