பழைய கதாபாத்திரம் காணவில்லை, அவசர உதவி தேவை

நிலாவேட்டை:
பல வருடங்கள் கழித்து இன்று என் பழைய இணைய விளையாட்டுக்குள் நுழைந்தேன். கடவுச்சொல் ஏற்கிறது, ஆனால் என் வீரன் இல்லை. வங்கி காலி, திறன்கள் எல்லாம் தொடக்க நிலையில். யூ மரம் வெட்டி விற்று வாங்கிய ரூன் கவசம் போய்விட்டதா? அதோடு எத்தனை நினைவுகள்! யாராவது சொல்லுங்கள்.

செந்தூரன்:
எந்த விளையாட்டு? கணினியா, கைபேசியா?

வழிப்போக்கன்:
கணக்கை யாரோ திருடிவிட்டார்கள். வங்கி காலி என்றால் வேறு காரணமே கிடையாது.

செந்தூரன்:
திருடினால் பொருள் போகும், திறன் எப்படிக் குறையும்?

மலைத்தேன்:
அந்தக் காலத்தில் உலாவியில் ஜாவா வழியாகத்தான் ஓடியது. அது நின்றதில்தான் ஏதோ சிக்கல்.

முதுவேடன்:
பெயரைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. யூ மரம், ரூன் கவசம் என்பதால் ரூன்ஸ்கேப் என்று நானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஜாவாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நுழைந்ததும் எங்கே நிற்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

நிலாவேட்டை:
ரூன்ஸ்கேப்தான். கைபேசி. புதியவர்கள் தொடங்கும் பயிற்சித் தீவில் நிற்கிறேன். 2006இல் தொடங்கிய கணக்கு.

செந்தூரன்:
நீங்கள் திறந்திருப்பது ஓல்டு ஸ்கூல், அதாவது ரூன்ஸ்கேப்பின் தனிப் பழைய பதிப்பு. சேமித்து வைத்திருந்த 2007 ஆகஸ்ட் மாதத்து நகலிலிருந்து 2013இல் கொண்டுவந்தார்கள். உலகம்தான் பழையது; ஆட்டக்காரர்கள் அனைவரும் புதிதாகத்தான் தொடங்கினார்கள். உங்கள் வீரன் பிரதான ரூன்ஸ்கேப்பில் இருப்பான். அதற்குத் தனிச் செயலி உண்டு, அதே கணக்கில் நுழையுங்கள்.

மலைத்தேன்:
ஆகஸ்ட் நகலை எடுத்ததே நல்லது. நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை வந்ததும், விளையாட்டிலுள்ள வாராக் நகர வங்கி வாசலில் கூவி விற்பதும், பேரம் பேசிப் பேசியே நண்பர்களாவதும் போயிற்று.

முதுவேடன்:
2015இல் ஆட்டக்காரர்களே வாக்களித்து ஓல்டு ஸ்கூலிலும் அதைக் கேட்டு வாங்கினார்கள். வரலாறு தெரிந்து பேசுங்கள்.

வழிப்போக்கன்:
சந்தையை ஏன் குறை சொல்கிறீர்கள்? 2007 டிசம்பரில் வைல்டர்னஸ் பகுதியில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் சண்டையை நீக்கியதும், அடுத்த மாதமே பொருள் பரிமாற்றத்துக்கு வரம்பு வைத்ததும்தான் எங்கள் குழுவைக் கலைத்தது.

முதுவேடன்:
சண்டையும் வரம்பில்லாத பரிமாற்றமும் 2011 பிப்ரவரியில் திரும்பிவிட்டன.

வழிப்போக்கன்:
விதி திரும்பியது. ஆட்கள் திரும்பவில்லையே! இரவெல்லாம் கூடவே சண்டையிட்டவர்களின் உண்மைப் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கே போய்த் தேடுவேன்?

மலைத்தேன்:
இதில் உங்கள் பக்கம்தான் நானும்.

நிலாவேட்டை:
கிடைத்துவிட்டான்! கவசமும் இருக்கிறது. செந்தூரன், மிக்க நன்றி.

செந்தூரன்:
மகிழ்ச்சி. கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். பழைய கணக்குகளைத்தான் முதலில் குறிவைக்கிறார்கள்.

வழிப்போக்கன்:
நிலாவேட்டை, எந்த உலகத்தில் (சர்வரில்) இருக்கிறீர்கள்? நானும் வருகிறேன்.