சயனோடைப் ப்ராஜெக்டுக்கு வழிகாட்டி தேடுகிறேன், யாரை எப்படிக் கேட்பது?

நீலத்தாள்:
ஓவியக் கல்லூரியில் இறுதியாண்டு. பாட்டியின் தையல்பெட்டியை வைத்துப் பன்னிரண்டு சயனோடைப் அச்சுகள் (வெயில் பட்டு நீலமாகப் பதியும் படங்கள்) செய்வதுதான் என் ப்ராஜெக்ட். மருந்து பூசிய தாளின் மேல் கத்தரிக்கோல், நூற்கண்டு, பொத்தான்கள் எல்லாவற்றையும் அப்படியே பரப்பி வெயிலில் வைக்கிறேன். கத்தரிக்கோல் தாளைத் தொட்ட இடத்தில் கோடு கூர்மையாக விழுகிறது, லேசாகத் தூக்கி நின்ற இடத்தில் புகை மாதிரி கரைகிறது. எனக்குப் பிடித்ததே அந்தப் புகைதான்.

என் கைடு எண்ணெய் வண்ண ஆள். எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். வெளியே ஏழு கலைஞர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவர் மட்டும் "வாழ்த்துகள்" என்று பதில் போட்டார். இத்தனைக்கும் என் கலைப் பயணம், பாட்டி, நோக்கம் எல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி, கடைசியில் "எனக்கு வழிகாட்டியாக இருக்க முடியுமா?" என்று பணிவாகத்தான் கேட்டிருந்தேன். இன்னொரு தொல்லை: ஒரு வாரத்தில் நீலம் வெளிறுகிறது. அமிலமில்லாத தாள் என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

பழைய உருளை:
அச்சுக்கலை சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். இந்த மாதிரி மெயில் எனக்கும் வரும். உண்மையைச் சொன்னால், பாதியை நான் முழுதாகப் படித்ததில்லை. "வழிகாட்டியாக இருங்கள்" என்றால் எத்தனை மாதம், வாரம் எத்தனை மணி நேரம், மதிப்பெண்ணுக்கும் நானா பொறுப்பு? ஒன்றும் தெரியாமல் யார் சரி என்பார்கள்?

பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு படம் இணைத்தால் போதும், அதில் ஒன்று சொதப்பியதாக இருக்கட்டும். நன்றாக வந்ததை மட்டும் அனுப்பினால் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள், உங்களுக்கும் அதே "வாழ்த்துகள்"தான் மிஞ்சும். பதில் வந்தால் அவர் சொன்னதைச் செய்துபார்த்து, என்ன ஆனது என்று எழுதுங்கள். இதைச் செய்பவர்கள் ரொம்பக் குறைவு. அப்புறம் "மாதம் ஒருமுறை அரை மணி நேரம், நான்கு மாதம்" என்று அளவோடு கேட்கலாம். வழிகாட்டி என்ற சொல்லையே எடுக்க வேண்டாம்.

இருட்டறை:
வெளிறுவதற்குக் காரணம் அனேகமாக அந்த அமிலமில்லாத தாளேதான்! அப்படிப்பட்ட தாள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் என்ற காரப்பொருளைக் கலந்திருப்பார்கள். மற்ற ஓவியங்களுக்கு அது நல்லது, ஆனால் சயனோடைப்பில் வரும் நீல நிறமியான பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. கார்பனேட் சேர்க்காத தாளாகத் தேடுங்கள். கையிலிருக்கும் தாளை வீணாக்க வேண்டாம், முதல் கழுவலில் கொஞ்சம் சிட்ரிக் அமிலமோ வினிகரோ சேர்த்துப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். வெளிச்சத்தால் மங்கியிருந்தால் சில நாள் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பும், காரத்தால் போனது திரும்பாது.

அப்புறம், உங்களுக்குத் தேவை இரண்டு பேர் என்று தோன்றுகிறது. மருந்துக்கு ஒருவர், பார்வைக்கு ஒருவர். 1842இல் இந்த முறையைக் கண்டுபிடித்த ஜான் ஹெர்ஷல் ஒரு விஞ்ஞானி. அடுத்த வருடமே இதைக் கொண்டு கடற்பாசிப் படங்களைப் புத்தகமாக்கத் தொடங்கிய அன்னா அட்கின்ஸுக்கு அவர் குடும்ப நண்பர். உங்கள் கல்லூரி பக்கத்தில் வேதியியல் துறை எதுவும் இல்லையா?

நீலத்தாள்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வினிகர் கழுவல் போட்ட மூன்று அச்சுகளும் இதுவரை அப்படியே இருக்கின்றன. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு அக்கா கரைசல் அளவைச் சரிபார்த்துத் தருகிறார்.

ஏழு பேரில் ஒருவருக்கு மறுபடி எழுதினேன். நான்கே வரி, ஒரு நல்ல படம், ஒரு சொதப்பல். மறுநாளே பதில் வந்தது: "கத்தரிக்கோல் ஏன் எல்லாப் படத்திலும் நடுவிலேயே இருக்கிறது?"

காலையிலிருந்து அதைத்தான் நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.