டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய பராமரிப்பு ஆய்வுகளின் தரத்தை எப்படி எடைபோடுவது?

முல்லை:
வணக்கம். முதுநிலை நர்சிங் படிக்கிறேன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்களை ஒரு நர்ஸ் தொடர்ந்து கவனிப்பது, போனில் விசாரிப்பது, வீட்டுக்கே போய் மாத்திரைகளைச் சரிபார்ப்பது, இந்த வகைப் பராமரிப்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். 22 கிடைத்தன. ஆய்வின் தரத்தை அளக்கும் ஜடாட் அளவுகோலில் மதிப்பெண் போட்டால் ஒன்றுகூட 3-ஐத் தாண்டவில்லை, ஏனென்றால் எதிலுமே பிளைண்டிங் (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைத்து வைப்பது) இல்லை. அப்படியானால் எல்லாமே தரம் குறைந்தவை என்று எழுதிவிடலாமா? எழுத மனசு வரவில்லை.

எண்ணிக்கை:
எழுதாதீர்கள். ஜடாட் 1996-இல் வலி நிவாரண ஆய்வுகளை மனதில் வைத்து உருவானது. அதில் மொத்தம் 5 மதிப்பெண், பிளைண்டிங்குக்கு மட்டும் 2. மாத்திரையை ஒரே மாதிரி உறையில் கொடுக்கலாம், வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும் நர்ஸை எப்படி மறைப்பது? உங்கள் துறையில் 3 என்பதே உச்சவரம்பு, அதனால் அந்த எண் உங்களுக்கு எதையும் பிரித்துக் காட்டாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆர்ஓபி 2 கருவிக்கு மாறுங்கள், ஆய்வின் முடிவு ஒருபக்கம் சாய்ந்திருக்குமா என்று பார்ப்பது அது. அது கூட்டு மதிப்பெண் போடாது. யாரை எந்தக் குழுவில் போட்டார்கள் என்ற ஒதுக்கீடு, திட்டத்திலிருந்து விலகல், விடுபட்ட தரவு, முடிவை அளந்த விதம், எதை வெளியிட்டார்கள் என்ற ஐந்தையும் தனித்தனியே கேட்கும்.

கேட்க வேண்டிய கேள்வி, பலனை எண்ணியவர் யார் என்பது. 30 நாளில் மறுபடி அட்மிட் ஆனாரா என்பதை நோயாளியின் ஞாபகத்திலிருந்து எடுத்தார்களா, பதிவேட்டிலிருந்தா? பதிவேடு என்றால் அந்த ஒரு மருத்துவமனையின் பதிவேடு மட்டும்தானா? வேறிடத்தில் போய்ச் சேர்ந்தவர் அதில் 'சேரவில்லை' என்றே நிற்பார். இன்னொன்று பலரும் கவனிக்காதது: இறந்துபோனவர் மறுபடி அட்மிட் ஆக முடியாது. ஒரு குழுவில் இறப்பு கூடினால் அந்தக் குழுவின் ரீஅட்மிஷன் குறைந்தது போலத் தெரியும். இறப்பையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வார்டுஅக்கா:
நான் இப்படி ஓர் ஆய்வில் ஆள் சேர்க்கும் வேலை செய்திருக்கிறேன், எங்கே என்று சொல்ல வேண்டாம். யார் எந்தக் குழு என்ற சீட்டு கவரில் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பது தெரியும். 'பாவம் இந்தப் பாட்டி, கவனிக்க யாருமில்லை, நம் குழுவுக்கே வரட்டும்' என்று நல்ல மனசோடுதான் மாற்றிப் போட்டார்கள். ஆய்வு அங்கேயே கெட்டுவிட்டது. 'ரேண்டமாகப் பிரித்தோம்' என்ற ஒரு வரியை நம்பாதேம்மா, ஒதுக்கீட்டை எப்படி மறைத்தார்கள் என்று எழுதியிருக்கிறதா பார். அதோடு, வீட்டுக்கு வர வேண்டாம் என்று மறுத்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தால் எஞ்சுவது ஒத்துழைக்கிற, கொஞ்சம் தெம்பான ஆட்கள்தான். பிரித்தபோது எந்தக் குழுவோ கடைசிவரை அதே குழுவில் வைத்துத்தான் எண்ண வேண்டும்.

ஒரே வார்டில் இரண்டு குழுவும் இருந்தால் இன்னொரு தொல்லை. புது முறையைக் கற்ற நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அதை மறந்துவிடுவாரா என்ன?

எண்ணிக்கை:
அக்கா சொன்ன அந்தக் கலப்பைத் தவிர்க்கத்தான் வார்டு வார்டாக, மருத்துவமனை மருத்துவமனையாகப் பிரிக்கிறார்கள். ஆனால் அப்போது ஆள் எண்ணிக்கை ஏமாற்றும். ஒரு வார்டில் 50 பேர், அவர்களுக்குள் ஒற்றுமைக் கெழு (ஒரே வார்டில் இருப்பவர்களின் முடிவுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) வெறும் 0.02 என்றாலும் 1 + 49 × 0.02 = 1.98, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆட்கள் வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காத ஆய்வின் பி மதிப்பை (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமா என்று எடைபோட உதவும் எண்) அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முல்லை:
மிக்க நன்றி, இருவருக்கும். ஒன்று மட்டும் குழப்புகிறது. 22-இல் 6 ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை, முன்பு, பின்பு என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். பலன் அவற்றில்தான் பெரிதாக இருக்கிறது.

எண்ணிக்கை:
அதை நினைத்துத்தான் பயப்பட வேண்டும். அமெரிக்காவின் கேம்டன் நகரில் அடிக்கடி அட்மிட் ஆகிறவர்களுக்காக நடந்த திட்டத்தை 800 பேரை வைத்துச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். திட்டத்தில் இருந்தவர்களை மட்டும் முன்-பின் பார்த்தால் அட்மிஷன் 38 சதவீதப் புள்ளி இறங்கியது போலத் தெரிந்தது. ஆனால் கன்ட்ரோல் குழுவிலும், அதாவது திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவிலும், அதே அளவுக்கு இறங்கியிருந்தது. 180 நாளில் ரீஅட்மிஷன் திட்டத்தில் இருந்தவர்களில் 62.3 சதவீதம், கன்ட்ரோலில் 61.7. மிக மோசமான கட்டத்தில் ஆளைப் பிடித்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் பலர் கொஞ்சம் தேறுவார்கள்.

அதற்காக இந்தப் பராமரிப்பே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1999-இல் அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மேரி நெய்லரின் குழு 363 முதியவர்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்துச் செய்த ஆய்வில், 24 வாரத்தில் ரீஅட்மிஷன் கன்ட்ரோலில் 37.1 சதவீதம், நர்ஸ் கவனித்த குழுவில் 20.3. கனடாவின் ஒன்டாரியோவில் 10 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்பு நோயாளிகள் 2,494 பேரை வைத்து இதே வகைப் பராமரிப்பைச் சோதித்து 2019-இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. பலன் வந்ததா என்பதை வைத்துத் தரத்தை எடைபோடக் கூடாது. அந்த 6 ஆய்வுகளையும் தனி அட்டவணையில் வையுங்கள், மற்றவற்றோடு கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.

வார்டுஅக்கா:
ஒவ்வொரு ஆய்விலும் 'வழக்கமான பராமரிப்பு' என்றால் என்ன செய்தார்கள் என்று ஒரு பத்தி போட்டுக்கொள். ஓரிடத்தில் அது கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புவது, இன்னோரிடத்தில் ஏற்கெனவே போன் போட்டு விசாரிப்பார்கள். நர்ஸ் எத்தனை முறை போனார், சொன்னபடி போனாரா என்பதும் வேண்டும். பாதிக் கட்டுரைகளில் இது இருக்காது, ஆசிரியருக்கு மெயில் போட்டுக் கேள்.

முல்லை:
இன்றைக்கே ஒதுக்கீட்டை மறைத்த விதத்திலிருந்து தொடங்குகிறேன், அக்கா. என் தோழி ஒருத்தி தனியாக அதே 22-ஐயும் படித்துத் தீர்ப்பு சொல்லச் சம்மதித்திருக்கிறாள். எங்கள் இருவருக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.